தண்ணீர் கசந்த வருஷம்

ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தபோது என் எடை முப்பத்தாறு கிலோ. வயது முப்பத்து நான்கு. எடை பார்த்த நர்ஸ் மெஷின் மேல் சந்தேகப்பட்டு என்னை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். இரண்டாம் தடவையும் முள் அதே இடத்தில்தான் நின்றது.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆனபிறகு, நடந்ததை எழுதிவைக்கும்படி எங்கள் டாக்டரம்மா சொன்னார். இப்படி ஒரு நோய் உண்டு என்று தெரியாமலே பல குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கின்றன என்றார். நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். மற்றவர்கள் எழுதியதை அடித்துத்தான் பழக்கம். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நானும் அக்கா ஆரோக்கியமேரியும் போத்தனூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். ரயில்வேயில் தண்டவாள வேலை கிடைத்துப் போத்தனூருக்கு வந்தார். அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்குப் பதினைந்து. அன்றிலிருந்து என் தலையை வாரியது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இழுத்துக்கொண்டு போனது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவள்தான். வாத்தியார் பயிற்சி முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. தங்கச்சி பிலோமியை யார் பார்ப்பது என்று சொல்லி இரண்டையும் தட்டிவிட்டாள். அப்பாவும் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எந்த முடிவும் அவள் எடுப்பாள், நான் தலையாட்டுவேன். எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை.

முதலில் பள்ளிக்கூடத்தில்தான் தகராறு தொடங்கியது. மற்ற டீச்சர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், தன் வருகைப் பதிவேட்டில் யாரோ கை வைக்கிறார்கள் என்று அக்கா தினமும் சொன்னாள். ஒருநாள் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அங்கே அவளுக்கு நிஜமாகவே அநியாயம் நடந்ததா, அல்லது நோயே அங்குதான் ஆரம்பித்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்போது நான் அவள் பக்கம் நின்றேன். வேறு எந்தப் பக்கமும் எனக்கு இல்லை.

எங்கள் வீடு இரண்டு போர்ஷன் கொண்டது. பின் போர்ஷனில் சரஸ்வதியும் அவள் புருஷன் பழனிச்சாமியும் குடியிருந்தார்கள். அவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வாசலில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சிமெண்டுத் தொட்டி. குழாயில் தண்ணீர் வரும் நாளில் அதில் நிரப்பிக்கொள்வோம். அந்த வருஷக் கோடையில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வந்தது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, தண்ணீர் கசக்கிறது என்றாள் அக்கா. குடித்துப் பார்த்தேன். எனக்குக் கசக்கவில்லை. பிளீச்சிங் பவுடராக இருக்கும் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் கைவிட்டுவிட்டேன் என்பது மாதிரி ஒரு பார்வை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பகல் முழுவதும் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து தொட்டியைக் கவனிப்பாள். நான் வந்ததும் அன்று பார்த்ததையெல்லாம் சொல்லுவாள். சரஸ்வதி எத்தனை தடவை தொட்டிப் பக்கம் வந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள், நம் ஜன்னலை எப்படித் திரும்பிப் பார்த்தாள். தினமும் இதையே கேட்டேன். இரண்டு மாதத்தில் எனக்கும் தண்ணீர் கசந்தது. நான் நடிக்கவில்லை. நாக்கின் அடியில் நிஜமாகவே கசப்பு இருந்தது.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சரஸ்வதி தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பார்த்தது அவ்வளவுதான். சாயங்காலம் அக்காவிடம் சொல்லும்போது, அவள் கையில் ஏதோ பொட்டலம் இருந்த மாதிரி இருந்தது என்று சேர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன்? அக்கா மாதக்கணக்கில் தனியாகக் கிடந்து தவிக்கிறாளே, அவளுக்கு என்னால் எதுவும் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் மனதில் இருந்திருக்க வேண்டும். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் அப்படி நிம்மதியாக அழுது நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பொட்டலத்தை நினைத்தால் என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பொய் சொன்னோம் என்பதே மறந்துபோயிற்று.

அதன்பிறகு தொட்டித் தண்ணீரைத் தொடுவதில்லை. மாதா கோயில் வளாகத்துக் குழாயில் பிடித்தோம். கொஞ்ச நாளில் அதுவும் கசந்தது. கடைசியில் இளநீர், உறை பிரிக்காத பிஸ்கட், ரொட்டி என்று வந்து நின்றோம். சரஸ்வதி மேல் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். தெருவில் நின்று அவளை விஷக்காரி என்று அக்கா கத்தினாள். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன். அதன்பின் நான் வேலைக்குப் போவதும் நின்றது.

ஒருநாள் காலையில் எழுந்து நடந்தவள் வாசலிலேயே விழுந்தேன். அக்காவால் தூக்க முடியவில்லை. அவளும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். சரஸ்வதியும் பழனிச்சாமியும் ஓடிவந்து, அக்கா தடுக்கத் தடுக்க, என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். அக்காவும் வேறு வழியில்லாமல் ஏறிக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் உப்புகள் ஒரு கணக்கில் இருக்க வேண்டுமாம். அது தப்பினால் இதயம் துடிக்கும் தாளமே தப்பிவிடும் என்று டூட்டி டாக்டர் சொன்னார். காசநோயாக இருக்குமோ என்று மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டி ஏதாவது இருக்கிறதா என்று வயிற்றுக்கு ஸ்கேன். ஸ்கேன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கிடந்தபோது, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு, இவர்கள் வயிற்றில் விஷத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அக்கா ஜெயித்துவிடுவாள் என்று வேண்டிக்கொண்டேன்.

அக்கா என் கட்டிலை விட்டு நகரவில்லை. குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வரும்போதெல்லாம் மூடி பிரிக்காததா என்று கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஏற்றவிட்டாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடவிடவில்லை. ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போய், தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து சோதிக்கச் சொன்னாள். சோதித்தார்கள். சாதாரணத் தண்ணீர் என்று வந்தது. என் ரத்தத்திலும் விஷம் எதுவும் இல்லை. அக்கா அந்தக் காகிதத்தை மடித்து என் தலையணைக்கடியில் வைத்தாள்.

"இங்கயும் ஆள் புடிச்சுப்போட்டாங்க கண்ணு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வந்தவர்தான் மனநல டாக்டரம்மா. நரைத்த தலை, பருத்திச் சேலை. முதலில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு அக்காவைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் பேசினார். சாயங்காலம் என்னிடம் தனியாக வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, கசப்பு, மஞ்சள் பொட்டலம். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்தபிறகு ஒன்றுதான் கேட்டார்.

"பொட்டலம் மஞ்சள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னாங்க."

"உங்க அக்கா, 'என்ற தங்கச்சிதான் பாத்தா, அவதான் மஞ்சள்னு சொன்னா'ங்கறாங்களே அம்மா."

நான் நிறம் எதுவும் சொல்லவில்லை. அக்கா பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை. அப்படியானால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? கையில் ஊசி ஏறியபடி அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டரம்மா என்னை மடக்கிவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் விளக்கினார். இல்லாத ஒன்றை உண்டு என்று மனம் பிடித்துக்கொண்டு, எந்தச் சாட்சி காட்டினாலும் விடாமல் இருப்பதற்கு மனப்பிரமை என்று பெயர். பெரும்பாலும் அது ஒருவருக்கு வரும். ஆனால் இரண்டு பேர் வெளியுலகத்தோடு ஒட்டாமல், ஒருவரை ஒருவர் நம்பியே வாழும்போது, ஒருவரின் பிரமை மற்றவருக்கும் ஏறிவிடுவது உண்டு. அம்மாவும் மகளும், புருஷனும் பெண்டாட்டியும், அக்காவும் தங்கையும். இதில் நோய் உள்ளே வேர்விட்டிருப்பது ஒருவரிடம். மற்றவர் அதைச் சுமக்கிறார். சுமப்பவரைக் கொஞ்ச நாள் பிரித்து வைத்தால் பெரும்பாலும் மருந்தில்லாமலே தெளிந்துவிடும்.

"அப்ப அக்காவுக்குங்க?" என்றேன்.

அக்காவுக்கு மருந்து வேண்டும், நாளாகும், முழுக்கத் தெளியும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

அன்று மதியம் அக்காவை வார்டுக்குள் விடவில்லை. பத்து நாளைக்கு என்னைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷத்தில் நாங்கள் ஒரு நாள்கூடப் பிரிந்திருந்ததில்லை. நான் சிறுபிள்ளை மாதிரி அழுதேன். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வந்து நின்றாள். மூன்றாம் நாள் வரவில்லை.

அன்று சரஸ்வதி வந்தாள். எவர்சில்வர் தூக்கில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஒரு டம்ளரில் ஊற்றி, பாதியை என் கண் முன்னால் தானே குடித்தாள். மீதியை நீட்டினாள்.

"குடிங்க அம்மணி. நான் குடிச்சுப்போட்டேன் பாருங்க. ஒண்ணும் ஆவலீங்க."

குடிக்கவில்லை. மறுநாளும் வந்தாள், அதே மாதிரி பாதி குடித்துக் காட்டினாள். மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டேன். முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது, சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். சாகவில்லை. கஞ்சியில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

பிரமை விலகுவது எப்படியிருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காலையில் ஒரு முடிச்சுத் தளரும். மதியம் அதைப் பிடித்து இறுக்கிக்கொள்வேன். சாயங்காலம் இன்னொன்று தளரும். வார்டில் எல்லோரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ நானும் எழுந்துபோய் மொண்டு குடித்தேன். கசக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடத்தருகிலேயே நின்றேன். தண்ணீர் நல்லது என்றால் என் அக்காவுக்குப் புத்தி கலங்கியிருக்கிறது. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை மட்டும் விட்டுவிட முடியாது. குணமாவது என்பது எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் பழனிச்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாளாகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, நேற்று வெளியே வந்து கடப்பாரையால் தொட்டியை உடைத்துவிட்டார், காலில் நல்ல காயம், ஆனால் யாரையும் கிட்டே விடுவதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் குரலில் புகார் இல்லை.

"அவங்கள இப்படியே உட்டா போயிருவாங்க, அம்மணி. நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்."

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தானாக வரமாட்டாதவரை மனநோய் வார்டில் சேர்க்க வேண்டுமானால் நெருங்கிய உறவினர் எழுதிக்கொடுக்க வேண்டும். அக்காவுக்கு நான் மட்டும்தான். காகிதத்தை என் முன்னால் வைத்தார். அந்த மாதிரிக் காகிதங்களை ஆயிரக்கணக்கில் அடித்தவள் நான். "கீழே கையொப்பமிட்டுள்ள நான்" என்ற வரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினேன். மகள் என்று எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் அக்காவைக் கூட்டிவந்தார்கள். நான் அங்கே நிற்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நின்றேன். இருபுறமும் ஆட்கள் பிடித்திருக்க, காலில் துணி சுற்றி, நொண்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தாள். சில நாளாகக் கஞ்சி குடித்து கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்த முகம்.

"உன்னையும் வாங்கிப்போட்டாங்களா கண்ணு?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு அவளாகவே உள்ளே நடந்துபோனாள்.

ஆறு வாரம் அவள் என்னைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. நான் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தேன். கம்பெனியில் பெரிய மனது பண்ணித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் பார்வையாளர் நேரத்துக்குப் போய் வெளிக்கூடத்தில் உட்காருவேன். நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையை அசைப்பார். பல நாட்கள் சரஸ்வதி என்னோடு வந்து உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அங்கே வைத்துத்தான் பொட்டலத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். நான்தான் சேர்த்துச் சொன்னேன் என்று சொன்னேன்.

"என்ற கையில ஒண்ணுமே இருந்திருக்காதுங்க. அப்ப எனக்கு மூணு மாசம். காலைல எந்திரிச்சா தலை சுத்தும். தொட்டியப் புடிச்சுட்டு நின்னிருப்பேன்."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"அது தங்கலீங்க."

நாங்கள் தெருவில் நின்று விஷக்காரி என்று கத்திய நாட்களில் அவள் எந்த நிலையில் இருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் என் முழங்கையைத் தொட்டு, நேரமாகுது, பஸ் போயிரும் என்று எழுப்பினாள்.

ஏழாவது வாரம் அக்கா என்னைப் பார்க்கச் சம்மதித்தாள். மருந்தில் உடம்பு ஊதியிருந்தது, கை நடுங்கியது. அதற்குத் தனி மாத்திரை கொடுத்தார்கள். என்னை உட்காரச் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். தண்ணீரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாங்கள் மறுபடி ஒரே வீட்டில் இருப்பது இரண்டு பேருக்குமே நல்லதல்ல என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், உடுமலைப்பேட்டையில் எங்கள் சித்தி மகள் லூர்துவின் வீட்டில் அக்காவை விட்டோம். லூர்து முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டு மறு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். மாதம் ஒருமுறை நானே அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டுவேன்.

மருந்து பிரமையை முழுதாக அழிக்கவில்லை, ஓரமாக ஒதுக்கி வைத்தது. இப்போது எல்லாத் தண்ணீரும் குடிக்கிறாள். ஆனால் யாரிடமும் எதையும் நிச்சயமாகச் சொல்வதில்லை. வெயில் அடிக்கிறதா என்று கேட்டால்கூட, எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்துச் சொல் என்கிறாள். என்னை வளர்த்தவள், எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள், தன் கண்ணையே நம்பாமல் என்னைக் கேட்கிறாள்.

போன மாதம் டாக்டரைப் பார்க்க வந்தோம். கூட்டம் அதிகம். வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்கண்ணு, அப்ப நீ நெசமாலுமே நம்புனயா? இல்ல எனக்காவ நம்புன மாதிரி இருந்தயா?"

எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்தேன். நம்பவில்லை என்றால் அவள் அத்தனை நாளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். நம்பினேன் என்றால் அவள்தான் என்னைக் கெடுத்தவள். கடைசியில் உண்மையையே சொன்னேன்.

"நெசமாத்தான் நம்புனேனுங்க்கா."

அவள் தலை குனிந்தது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீயும் அத்தன நாளும் பயந்துட்டேதான் இருந்தயா, சாமி? நான் உன்னயப் பாக்கவே இல்லையே."

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவள் தன் பயத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது அப்போதுதான். எங்கள் முறை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.